கோடை ஏரியும் குணம் மாறும் வானமும்

கடல் என்றால் நமக்கெல்லாம் ஒரு மரியாதை கலந்த பயம் உண்டு. வள்ளம் தள்ளுமுன் வானத்தைப் பார்க்காத மீனவன் இல்லை. சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, அது வீசும் திசையை அறிந்து வாழ்ந்தவர்கள் நாம். ஆனால் ஏரி என்றதும் அந்தப் பயம் நம்மை விட்டுப் போய்விடுகிறது. 'குளந்தானே, அக்கரை தெரிகிறதே' என்று எண்ணி விடுகிறோம்.

இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை வட அமெரிக்காவின் ஏரிகள் ஆண்டுதோறும் கோடையில் காட்டித் தருகின்றன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மாத்திரம் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான ஏரிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 'பத்தாயிரம் ஏரிகளின் நாடு' என்றே தன்னை அழைத்துக் கொள்கிறது. உண்மையில் அங்கு பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மாத்திரம் 11,842 உள்ளன. ஐந்தாறு மாதங்கள் பனியில் உறைந்து கிடக்கும் இந்த நீர்நிலைகள் யூன், யூலை, ஓகஸ்ட் மாதங்களில் உயிர் பெறுகின்றன. அந்தக் குறுகிய கோடையில் குடும்பம் குடும்பமாக மக்கள் தூண்டிலும் கையுமாக ஏரிக்குப் புறப்படுகிறார்கள். அவர்கள் பெரிதும் தேடிச் செல்லும் மீன்களில் ஒன்று 'பாஸ்'.

நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகளும் உறவினர்களும் இன்று ரொறொன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாழ்கிறார்கள். விடுமுறை நாளில் அவர்களும் ஏரிக்குப் போகிறார்கள். ஆகவே இந்த மீனைப் பற்றியும், அதன் ஏரியைப் பற்றியும், அந்த ஏரியின் வானத்தைப் பற்றியும் நாம் அறிந்திருப்பது நல்லதல்லவா?

பாஸ் என்பது எந்த மீன்?

நமது கொடுவா மீனையும் ஆங்கிலத்தில் 'சீ பாஸ்' என்று சொல்வதுண்டு. பெயரில் மட்டுமே உறவு! வட அமெரிக்க ஏரிகளின் பாஸ் முற்றிலும் வேறான நன்னீர் மீன். அதில் இரண்டு இனங்கள் முக்கியமானவை. ஒன்று பெருவாய் பாஸ். வாயை மூடியிருக்கும்போது இதன் மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும். தாமரை இலைகளும் பாசியும் அடர்ந்த, சற்றுச் சூடான ஆழமற்ற நீரே இதற்கு விருப்பம். மற்றது சிறுவாய் பாஸ். இதன் தாடை கண்ணைத் தாண்டாது. கல்லும் பாறையும் நிறைந்த தெளிந்த நீரில் வாழ்ந்து, நன்னீர் இறால் வகைகளை விரும்பித் தின்னும்.

இரண்டுமே ஒளிந்திருந்து பாய்ந்து பிடிக்கும் வேட்டை மீன்கள். தூண்டிலில் மாட்டினால் நீருக்கு மேலே துள்ளிப் பாய்ந்து தலையை உதறும். அந்தப் போராட்டத்துக்காகவே இதைத் தேடி வருவோர் ஏராளம். குளிர் நாட்டு ஏரியில் வளர்ச்சி மிக மெதுவானது. ஒரு முழம் நீளத்துக்குக்கூட வராத ஒரு பாஸ் நான்கைந்து கோடைகளைக் கண்டிருக்கும். முழுதாய் வளர்ந்த பெரிய மீன் பத்து வயதைத் தாண்டியதாகவும் இருக்கலாம்.

கூட்டைக் காக்கும் தந்தை

இந்த மீனின் குடும்ப வாழ்க்கை உங்களுக்கு வியப்பளிக்கும். பனி உருகி, நீரின் வெப்பம் சுமார் 15 பாகை செல்சியசைத் தொடும்போது ஆண் மீன் ஆழமற்ற இடத்தில் வாலால் துடைத்து வட்டமாக ஒரு கூடு அமைக்கிறது. பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. அதன் பிறகு எல்லாப் பொறுப்பும் தந்தையினுடையதுதான்! செட்டையால் விசிறி முட்டைகள் மீது புதிய நீரைப் பாய்ச்சுவதும், அருகில் வரும் சிறு மீன்களை விரட்டுவதும், குஞ்சுகள் பொரித்த பின்பும் கூட்டமாக நீந்தும் அவற்றைச் சில நாட்கள் காவல் காப்பதும் ஆண் மீனே.

அந்த வேளையில் அதனைத் தூண்டிலில் பிடித்துத் தூக்கினால் என்ன நடக்கும்? சில நிமிடங்களிலேயே வேறு மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். பிடித்த மீனைத் திரும்ப விட்டாலும் அது வந்து சேரும்போது கூடு வெறுமையாகி இருக்கும். இதனால்தான் ஒன்ராறியோவின் பல பகுதிகளில் யூன் மாதப் பிற்பகுதி வரை பாஸ் பிடிக்க அனுமதிப்பதில்லை. வயது வந்தோர் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தூண்டில் போடுவதும் குற்றம். விருந்தினராகப் போகும் நம்மவர்கள் இதை முதலில் விசாரித்துக் கொள்ள வேண்டும்.

ஏரிக்குள்ளே மூன்று தட்டுகள்

கோடை வந்ததும் ஏரி நீர் ஒரே பானைத் தண்ணீர் போல் இருப்பதில்லை. நீர் 4 பாகை செல்சியசில்தான் அதிக அடர்த்தி கொண்டது. எனவே குளிர்ந்த கனமான நீர் அடியில் தங்கிவிட, வெயிலில் சூடான நீர் மேலே மிதக்கிறது. இரண்டுக்கும் இடையில் வெப்பம் திடீரென்று குறையும் ஒரு மெல்லிய தட்டு உண்டு. மேலே நீந்திக் கொண்டிருப்பவர் காலைக் கீழே விட்டால் பாதங்கள் சில்லிடுவது இதனால்தான்.

மேல் தட்டைக் காற்று கலக்கிக் கொண்டிருப்பதால் அதில் ஒட்சிசன் தாராளமாக இருக்கும். அடித்தட்டுக்குக் காற்றின் தொடர்பு அற்றுப் போகிறது. பாசியும் குப்பையும் அடியில் அழுகும் ஏரிகளில், கோடை முற்றும்போது கீழே ஒட்சிசன் மிகவும் குறைந்துவிடும். ஆகவே 'ஆழத்தில்தான் பெரிய மீன்' என்று நம்பி அடிவரை தூண்டிலை இறக்குபவர் பெரும்பாலும் வெறுங்கையுடன் திரும்புவார். மீன் இருப்பது மேல் தட்டிலும், இடைத்தட்டின் ஓரத்திலுமே.

வானம் மாறினால் மீன் என்ன செய்யும்?

இப்போது வானத்துக்கு வருவோம். வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் குறுக்கே நின்று காற்றை மறிக்கும் மலைத்தொடர் கிடையாது. தெற்கே மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து ஈரமும் சூடும் கொண்ட காற்று மேலேறி வருகிறது. வடக்கேயிருந்து குளிர்ந்த, வரண்ட காற்று இறங்கி வருகிறது. இரண்டும் மோதும் எல்லையையே 'குளிர் முகப்பு' என்கிறார்கள். காலையில் வியர்வை ஒழுகும் புழுக்கம். பிற்பகலில் கறுத்த மேகமும் இடியும். மறுநாள் விடிந்தால் மேகமே இல்லாத நீல வானமும், வடமேற்கிலிருந்து சில்லென்ற காற்றும். ஒரே நாளில் வெப்பநிலை பத்துப் பாகை குறைந்து போவதும் உண்டு.

மீன்பிடிப்போர் அனுபவத்தில் சொல்வது இதுதான். குளிர் முகப்பு வருவதற்கு முந்திய மணித்தியாலங்களில் தென்காற்று வீசி, மேகம் மூடி, வெளிச்சம் மங்கும்போது பாஸ் மறைவிடத்தை விட்டு வெளியே வந்து மும்முரமாக இரை தேடும். நீரின் மேல் ஓடவிடும் செயற்கை இரையைக்கூடத் துரத்திப் பிடிக்கும். முகப்பு கடந்து, வானம் பளிச்சென்று வெளுத்த மறுநாளோ அதே மீன் பாசிப் புதருக்குள்ளும், படகுத்துறையின் நிழலிலும், பாறை இடுக்கிலும் ஒடுங்கிவிடும். மூக்கருகே சின்ன இரையை மெதுவாக இறக்கினால்தான் வாய் திறக்கும். காலநிலை சீராகி இரண்டு மூன்று நாட்கள் சென்றபின் பழையபடி வெளியே வரும்.

இதற்குக் காரணம் வளியமுக்கம் மாறுவதே என்று பலர் சொல்வார்கள். சற்றுக் கணக்குப் பார்ப்போம். ஒரு மில்லிபார் அமுக்கம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் ஆழமுள்ள நீரின் அமுக்கத்துக்குச் சமம். குளிர் முகப்பின்போது அமுக்கம் இருபது மில்லிபார் மாறினாலும், அது மீனுக்கு ஒரு சாண் மேலே வந்ததற்கோ கீழே போனதற்கோ ஒப்பாகும். நாள் முழுவதும் மீற்றர் கணக்கில் ஏறி இறங்கும் மீனுக்கு இது பெரிய விடயமாக இருக்க முடியாது. வெளிச்சம், காற்று, கரையோர நீரின் சூடு ஆகியவை ஒன்றாக மாறுவதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. மங்கிய ஒளி ஒளிந்து வேட்டையாடும் மீனுக்குச் சாதகம். பளிச்சிடும் வெயில் இரைக்குச் சாதகம்.

காற்றுக்கும் தனிப் பங்குண்டு. தொடர்ந்து ஒரே திசையில் வீசும் காற்று மேற்பரப்பின் சூடான நீரை எதிர்க் கரையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நுண்ணுயிர்களும், அவற்றைத் தின்னும் குட்டி மீன்களும் அங்கே திரள, பாஸும் பின்னால் போகிறது. ஆகவே அனுபவசாலிகள் அலை மோதும் கரையைத் தேடிப் போவார்கள்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது, சகோதரிகளே! மீன் நன்றாகக் கடிக்கும் நேரமும், புயல் நெருங்கும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. 'இன்னும் ஒரு மீன், இன்னும் ஐந்து நிமிடம்' என்ற ஆசை வருவது மேகம் கறுத்து வரும் அந்த வேளையில்தான்.

இடி கேட்டால் கரை

அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டிலிருந்து மின்னல் மரணங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. பொழுதுபோக்கில் ஈடுபட்டிருந்தபோது மின்னல் தாக்கி இறந்தவர்களில் மீன்பிடிக்கச் சென்றவர்களே முதலிடத்தில் உள்ளனர். காரணம் விளங்கக்கூடியதே. பரந்த நீர்ப்பரப்பில் உயர்ந்து நிற்பது படகிலிருக்கும் மனிதனும், அவன் கையிலுள்ள தூண்டில் தடியும்தான். இக்காலத் தடிகள் பலவற்றில் சேர்க்கப்படும் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது.

மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் அது எத்தனை கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். ஆனால் எண்ணிக் கொண்டிருப்பதைவிட நல்ல வழி ஒன்றுண்டு. இடி காதில் விழுந்தாலே நீங்கள் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று கொண்டு உடனே கரைக்குத் திரும்பி விடுவது. தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கட்டடமோ, கூரையுள்ள மோட்டார் வாகனமோதான் பாதுகாப்பு. கடைசி இடி முழங்கி 30 நிமிடங்கள் கழிந்த பின்பே மீண்டும் ஏரியை நெருங்கலாம்.

காற்றையும் இலேசாக எண்ண வேண்டாம். 1999ஆம் ஆண்டு யூலை 4ஆம் திகதி, மினசோட்டாவின் வட எல்லையிலுள்ள ஏரிக் காட்டில் விடுமுறைக் கூட்டம் நிறைந்திருந்தபோது, இடிமழையோடு மணிக்கு 130 முதல் 160 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசியது. கோடிக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கூடாரமடித்துத் தங்கியிருந்தவர்களில் சுமார் 60 பேர் மரங்கள் வீழ்ந்து காயப்பட்டனர். பாதைகள் அடைபட்டுக் கிடந்ததால் அவர்களை மீட்க நீரில் இறங்கும் விமானங்களை அனுப்ப வேண்டியதாயிற்று.

பரந்த ஏரி ஆழம் குறைந்ததாக இருந்தால் அலை இன்னும் விரைவாக எழும்பும். சிறுவாய் பாஸுக்குப் பேர்போன மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரி ஐந்நூறு சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்தது. அதன் மிக ஆழமான இடமே 13 மீற்றர் அளவுதான். காற்று எழும்பினால் சிறு படகைப் புரட்டும் அலை அங்கே சொற்ப நேரத்தில் உருவாகிவிடும்.

அங்கி இருந்தால் போதுமா?

கனடாவில் படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அதை ஆசனத்தின் கீழ் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்போரே அதிகம். படகு கவிழ்ந்த பின் அலையில் அதைத் தேடி எடுத்து அணிவது நடக்கிற காரியமா? அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அங்கி அணியாதவர்கள். மினசோட்டாவில் 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஓடும் படகில் அங்கி அணிந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம்.

பெண்களாகிய நமக்கு இன்னொரு விடயமும் உண்டு. அபாயா, சாரி போன்ற நீண்ட உடைகள் நனைந்தால் கனத்து, கால்களைச் சுற்றிக் கொள்ளும். நீந்தத் தெரிந்தவருக்கும் அது விலங்குதான். ஆகவே உயிர்காப்பு அங்கியை உடைகளுக்கெல்லாம் மேலாக, எல்லாப் பட்டிகளையும் இறுகப் பூட்டி அணிய வேண்டும். பிள்ளைக்கு அணிவித்த பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது அப்பிள்ளைக்குப் பெரிது.

அடுப்பங்கரைக்கு வரும் மீன்

பிடித்த மீனைச் சமைப்பது எப்படி என்று கேட்க நினைக்கிறீர்கள், இல்லையா? பாஸின் சதை வெள்ளையானது, பொரித்தாலும் ஆணம் வைத்தாலும் நன்றாயிருக்கும். ஆனால் சட்டியில் போடுமுன் ஒரு விடயத்தை அறிந்து கொள்ளுங்கள்.

நிலக்கரி எரியும்போது வெளியாகும் பாதரசம் காற்றில் நெடுந்தூரம் பயணம் செய்து மழையுடன் ஏரியில் விழுகிறது. ஆலைகளே இல்லாத காட்டு ஏரிக்கும் இது வந்து சேர்கிறது. அடியிலுள்ள பற்றீரியாக்கள் அதை உடலில் தங்கும் நச்சுப் பொருளாக மாற்றுகின்றன. நுண்ணுயிரைச் சிறு மீனும், சிறு மீனைப் பெரிய மீனும் தின்னத் தின்ன அது சேர்ந்து கொண்டே போகிறது. வயது கூடிய வேட்டை மீனிலேயே அது அதிகம். பாதரசம் சதையில் கலந்திருப்பதால் கழுவியோ, தோலை உரித்தோ, நன்றாக வேகவைத்தோ அதைப் போக்க முடியாது.

வயிற்றிலுள்ள சிசுவின் மூளையையும் நரம்பையும் இது பாதிக்கக்கூடும். அதனால் மினசோட்டாவின் சுகாதாரத் திணைக்களம் கர்ப்பிணிகளுக்கும், கர்ப்பம் தரிக்கக் கூடியவர்களுக்கும், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் பாஸ் மீனை மாதத்துக்கு ஒரு வேளை என்ற அளவில் நிறுத்திக் கொள்ளும்படி பொதுவாக அறிவுறுத்துகிறது. சூரியமீன் போன்ற சிறு மீன்களை இதைவிட அடிக்கடி உண்ணலாம். ஒன்ராறியோ அரசு ஏரிக்கு ஏரி, மீனின் நீளத்துக்கு ஏற்ப எவ்வளவு உண்ணலாம் என்று ஒரு வழிகாட்டியே வெளியிட்டுள்ளது. மீன் நல்ல உணவு. அதைப் பயந்து ஒதுக்கத் தேவையில்லை. எந்த மீன், என்ன அளவு, யாருக்கு என்பதே கேள்வி. இதே நியாயம் நமது சந்தையிலுள்ள பெரிய சுறா மீனுக்கும் பொருந்தும் என்பதைக் கர்ப்பிணிச் சகோதரிகள் நினைவில் வைப்பது நல்லது.

இதில் ஓர் அழகான பொருத்தம் இருப்பதைக் கவனித்தீர்களா? பத்துக் கோடை கண்ட பெரிய பாஸ்தான் ஏராளமாக இனம் பெருக்குவது. பாதரசம் அதிகம் சேர்ந்திருப்பதும் அதிலேதான். ஆகவே பெரியதைத் திரும்ப விட்டு, அளவான சிறியதை வீட்டுக்குக் கொண்டு வருவது ஏரிக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது. விடும்போது கையை நனைத்துக் கொண்டே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் உடம்பிலுள்ள வழுவழுப்பைத் துடைத்துவிட, நோய் தொற்ற இடமாகிவிடும். வயிற்றைத் தாங்கிப் பிடித்து விரைவாக நீரில் விட வேண்டும்.

ஏரிக்குப் போகும் உறவுகளுக்குச் சொல்லுங்கள்

அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது இந்தச் சில விடயங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்:

1. புறப்படுமுன் வானிலை அறிவிப்பைக் கேளுங்கள். எந்த ஏரிக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

2. அனுமதிப்பத்திரமும், மீன்பிடி திறந்திருக்கும் காலமும் சரியா என்று பாருங்கள்.

3. கரையில் நிற்கும்போதே எல்லோரும் உயிர்காப்பு அங்கியை அணியுங்கள். பெரியவர்கள் அணியாவிட்டால் பிள்ளைகளும் அணிய மாட்டார்கள்.

4. புழுக்கமான நாளில் மேற்கு வானம் கறுத்தால், மீன் எவ்வளவு கடித்தாலும் தூண்டிலைச் சுருட்டி விடுங்கள்.

5. கர்ப்பிணிக்கும் பிள்ளைக்கும் வைக்கும் மீனின் இனத்தையும் அளவையும் அறிந்து வையுங்கள்.

தூண்டில் போடுபவருக்குப் பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். மீன் கடிக்கும் வேளையில் எழுந்து திரும்பி வருவதற்கு அதைவிடப் பெரிய பொறுமை வேண்டும். குளிர் முகப்பு கடந்து மூன்று நாள் போனால் மீன் மறுபடியும் அதே பாசிக் கரைக்கு வரும். அன்றைக்குப் பிடித்துக் கொள்ளலாம்.